"எல்லாம் மெஷின் பாத்துக்கும்": ஏஓஐ வந்த பிறகு ஆபரேட்டர்களுக்கு வேலையில் பிடிப்பே இல்லை, என்ன செய்யலாம்?

பிறை_லைன்4

வணக்கம். மலேசியா, பினாங்கு, பிறை. எஸ்எம்டி அசெம்பிளி (சர்க்யூட் போர்டில் சின்ன எலக்ட்ரானிக் பார்ட்டை மெஷினால் பொருத்தும் வேலை). முன்பு லைனுக்கு 9 பேர், இப்போது 4 பேர். சோல்டர் பேஸ்ட் பிரிண்டருக்கு அடுத்து எஸ்பிஐ (பேஸ்டைச் சோதிக்கும் மெஷின்), சோல்டரை உருக்கும் ரீஃப்ளோ அடுப்புக்கு அடுத்து ஏஓஐ (கேமராவால் போர்டைச் சோதிக்கும் மெஷின்), பார்ட் சுற்றிய ரீல் கொண்டுவர ஏஜிவி (தானே ஓடும் வண்டி), ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எம்இஎஸ் (உற்பத்திப் பதிவு மென்பொருள்) திரை. ஒரு போர்டுக்கு 40 வினாடி, போர்டில் சுமார் 800 காம்பொனெண்ட், 12 மணி நேர ஷிப்ட்.

அவுட்புட் குறையவில்லை. ஆட்கள்தான் மாறிவிட்டார்கள். ஏஓஐ பிழை என்று காட்டுவதை ஆள் பார்த்து முடிவு சொல்லும் வெரிஃபை ஸ்டேஷனில் படம் வந்ததும் பார்க்காமலே ஓகே தட்டுகிறார்கள். தலைகீழாக உட்கார்ந்த டயோடுகூட ஐசிடி (மின்சாரச் சோதனை) வரை போய்விடுகிறது. மவுண்டர் (பார்ட்டைப் போர்டில் வைக்கும் மெஷின்) நின்றால் ரீசெட், மறுபடி நின்றால் மறுபடி ரீசெட், ஏன் நிற்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. கைசன் (யோசனை) பெட்டியில் 5 மாதமாக ஒரு சீட்டு இல்லை. எதைக் கேட்டாலும் "எல்லாம் மெஷின் பாத்துக்கும் பாஸ்" என்ற ஒரே பதில்.

மேலிடம் இதை மனப்பான்மைக் கோளாறு என்கிறது. தன்முனைப்புப் பயிற்சிக்கு ஆள் கூப்பிடப் போகிறார்கள். எச்சரிக்கைக் கடிதம், சுவரொட்டி, மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) தரத்துக்கான ஊக்கத்தொகை எல்லாம் கொடுத்தாகிவிட்டது. பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் கேட்கிறேன்: இது ஆளின் குணமா, லைனின் அமைப்பா? எங்கிருந்து தொடங்குவது?

---

சோல்டர்_வாசம்

பயிற்சியைத் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு கணக்கு.

40 வினாடிக்கு ஒரு போர்டு என்றால் மணிக்கு 90. உங்கள் ஏஓஐ ஒரு போர்டுக்கு 4 ஃபால்ஸ் கால் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (நல்ல காம்பொனெண்டையே பிழை என்று காட்டுவது). டியூன் பண்ணாத புது ஏஓஐக்கு இது அதிகமில்லை. மணிக்கு 360 படம், அதாவது 10 வினாடிக்கு ஒன்று. இடைவேளை போக 10 மணி நேரத்தில் 3,600 படம். அதில் உண்மையான பிழை 15 என்றால் 240 படத்துக்கு ஒன்று. மீதி 239 தடவையும் ஓகே தட்டுவதுதான் சரியான விடை. கட்டைவிரலுக்கு இதைக் கற்றுக்கொடுத்ததே உங்கள் மெஷின்தான். ஆளைத் திட்டி என்ன பயன்?

இது நம்மூர் ஆட்களின் சோம்பல் இல்லை. 1948இல் நார்மன் மேக்வொர்த், பிரிட்டிஷ் விமானப்படை ராடார் ஆட்களுக்காக ஒரு சோதனை வைத்தார்: கடிகார முள் எப்போதாவது இரண்டு படி தாவும், அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரிந்துவிட்டது. 2005இல் ஜெரமி உல்ஃப் குழு வேறொன்றைக் காட்டியது: தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தால் ஆட்கள் 7 சதவீதம் தவறவிடுகிறார்கள், 100இல் ஒரு படத்தில் மட்டும் இருந்தால் 30 சதவீதம். உங்கள் ஸ்டேஷனில் 240இல் ஒன்று.

ஆகவே முதல் வேலை ஃபால்ஸ் காலை இறக்குவது. 800 காம்பொனெண்டில் 4 என்பது 5,000 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 5,000). 500க்குக் கொண்டுவந்தால் ஷிப்டுக்கு 360 படம்தான் வரும், 25 படத்துக்கு ஒன்று உண்மையான பிழையாக இருக்கும். படத்தைப் பார்ப்பதில் ஒரு அர்த்தம் வந்துவிடும்.

செய்யும் முறை: இரண்டு வார லாகை எடுத்து பார்ட் நம்பர் வாரியாக, எண்ணிக்கைப்படி அடுக்குங்கள். பெரும்பாலும் மேலே உள்ள 10 பார்ட்தான் பாதிக்கு மேல் தொல்லை கொடுக்கும். அவற்றில் இவற்றைத் தேடுங்கள்.

மாற்று வெண்டர். அதே ரெசிஸ்டர் வேறு கம்பெனியிலிருந்து வந்திருக்கும், உடம்பின் நிறம் ஒரு சாயல் கறுப்பு, எழுத்து வடிவம் வேறு. ஏஓஐ லைப்ரரியில் (ஒப்பிட வைத்திருக்கும் படத் தொகுப்பு) பழைய வெண்டர் படம் மட்டும் இருந்தால் ரீல் மாறிய நிமிடத்திலிருந்து ஃபால்ஸ் கால் மழைதான். மாற்றுப் படத்தைச் சேர்க்க 10 நிமிடம் போதும். பல லைன்களில் இதைச் செய்ய அனுமதி இருப்பது பகல் ஷிப்ட் இன்ஜினியருக்கு மட்டும். இரவு ஷிப்ட் விடியும் வரை ஓகே தட்டிக்கொண்டே இருக்கும்.

எழுத்துச் சோதனை. ஃபீடரில் (ரீலிலிருந்து மவுண்டருக்குப் பார்ட் ஊட்டும் பகுதி) பார்கோட் இன்டர்லாக் (தப்பான ரீல் என்றால் மெஷினை ஓடவிடாத பூட்டு) இருந்தால் சின்ன ரெசிஸ்டருக்கு எழுத்தைப் படிக்கத் தேவையில்லை. ஐசிக்கும் துருவம் உள்ள பார்ட்டுக்கும் வைத்துக்கொண்டு மற்றதை அணைக்கலாம்.

போர்டு வளைவு. ஃபால்ஸ் கால் போர்டின் நடுவில் குவிந்தால் பார்ட்டைச் சந்தேகப்படாதீர்கள். அடுப்பிலிருந்து வந்த போர்டு வளைந்து ஃபோகஸ் விலகியிருக்கும். கிளாம்ப், சப்போர்ட் இரண்டையும் பாருங்கள்.

விளக்கு. எல்இடி வெளிச்சம் நாளாக ஆக மங்கும். வாரம் ஒருமுறை கேலிபிரேஷன் போடாவிட்டால் சோல்டர் ஃபில்லட் (காலோரம் சரிந்து நிற்கும் சோல்டர்) எல்லாம் குறைவாகத் தெரியும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: வரம்பைத் தளர்த்திவிட்டு "ஃபால்ஸ் கால் குறைந்துவிட்டது" என்று சந்தோஷப்படுவது. வேண்டுமென்றே 15, 20 பிழை வைத்த ஒரு போர்டைத் தயார் பண்ணுங்கள்: பார்ட் இல்லாதது, எழுந்து நிற்பது, துருவம் மாறியது, பிரிட்ஜ் (இரண்டு கால் சோல்டரால் ஒட்டியது), தூக்கிய கால், சோல்டர் குறைவு. எந்த வரம்பை மாற்றினாலும் இந்தப் போர்டை ஓட்டிப் பாருங்கள், எல்லாம் பிடிபட வேண்டும். ஒன்று நழுவினாலும் பழைய மதிப்புக்குத் திரும்புங்கள். தூக்கிய காலில் தனி எச்சரிக்கை: மேலிருந்து மட்டும் பார்க்கும் 2டி மெஷினுக்கு அது சரியாகத் தெரியாது, அந்த ஃபால்ஸ் காலைத் தளர்த்தவே வேண்டாம்.

பிறகு ஆள் மாற்றம். வெரிஃபையில் தொடர்ந்து 30 நிமிடம், அடுத்தவர் உட்காரட்டும். இவர் ரீல் தயாரிப்புக்கோ பிரிண்டருக்கோ போகட்டும். ஐசிடியில் பிடிபட்ட பிழையின் படம் அதே ஷிப்டுக்குள் அந்த ஸ்டேஷனுக்கு வர வேண்டும், பெயர் இல்லாமல். மூன்று நாள் கழித்து எச்சரிக்கைக் கடிதமாக வந்தால் எந்தப் படத்தில் தவறினோம் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கடைசியாக, சோதனைப் படம் கலப்பது. விமான நிலைய எக்ஸ்ரே திரையில் பொய்த் துப்பாக்கிப் படத்தை இடையில் காட்டுவார்களே, அதே உத்தி. 50 படத்துக்கு ஒரு தெரிந்த பிழைப் படம். கண்டுபிடித்தால் உடனே பச்சை, தவறினால் உடனே காட்டிவிட வேண்டும்.

---

மூன்றாம்_ஷிப்ட்

மேலே சொன்னது வெரிஃபைக்கு. ரீசெட் வேறு கதை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

எம்இஎஸ்ஸில் 2 நிமிடத்துக்குக் குறைவான நிறுத்தம் எந்தக் கணக்கில் விழுகிறது என்று பாருங்கள். பல இடங்களில் அது "மற்றவை". ஷிப்டுக்கு 60 தடவை, ஒவ்வொன்றும் 40 வினாடி என்றால் 40 நிமிடம் காணாமல் போகிறது, காரணம் இல்லாமல். 60இல் 14 தடவை ஒரே ஃபீடராக இருக்கும். அது எது என்று ஆபரேட்டருக்குத் தெரியும், கேட்டால் ஸ்லாட் நம்பரோடு சொல்வார். கேட்பதற்கு ஆள் இல்லை, கழற்ற அவருக்கு அதிகாரமும் இல்லை. டெக்னீஷியனைக் கூப்பிட்டால் 25 நிமிடம், ரீசெட் தட்டினால் 5 வினாடி. யாராக இருந்தாலும் ரீசெட்தான் தட்டுவார்கள் லா.

இதற்கு மருந்து, மாற்றிப் பார்க்கும் சோதனையை ஆபரேட்டர் கையில் கொடுப்பது. பார்ட்டை எடுக்கத் தவறும் எரர் ஒரே ஸ்லாட்டில் ஒரு மணி நேரத்தில் 3 தடவை வந்தால்:

முதலில் அந்த ஃபீடரை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றுங்கள். எரர் கூடவே போனால் ஃபீடர் அல்லது ரீல். பழைய ஸ்லாட்டிலேயே நின்றால் ஸ்லாட்டின் கனெக்டர் அல்லது அடியில் சிக்கிய பார்ட். கூடவே போனால் ரீலைக் கழற்றி இன்னொரு ஃபீடரில் போடுங்கள். இப்போதும் போனால் ரீல்: கவர் டேப் ஒட்டிக்கொண்டு துள்ளும், ஸ்பிளைஸ் (இரண்டு டேப்பை ஒட்டிய) இடத்தில் மேடு இருக்கும், அல்லது வறண்ட காற்றில் ஸ்டாட்டிக்கால் பார்ட் குழிக்குள் நிமிர்ந்து நிற்கும். எரர் பல ஸ்லாட்டில் சிதறி, ஒரே நாசில் (பார்ட்டை உறிஞ்சி எடுக்கும் குழாய்) நம்பரில் வந்தால் நாசில் முனை அடைத்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. அல்ட்ராசானிக்கில் போட்டு எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டையைப் பாருங்கள். இரண்டும் இல்லை, ஒரு பார்ட் நம்பரில் மட்டும் எல்லா நாசிலிலும் வருகிறது என்றால் மவுண்டர் லைப்ரரியில் பார்ட்டின் தடிமன் தப்பு. அது இன்ஜினியர் வேலை.

ஆபரேட்டர் பண்ணக்கூடியது முதல் மூன்றும். ஃபீடரில் சிவப்பு அட்டை, அதில் ஸ்லாட், நாசில், எத்தனை தடவை, எந்தச் சோதனையில் எது பின்தொடர்ந்தது. நான்கு வரி. டெக்னீஷியன் அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். அவர் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து பார்த்தால், இரண்டு வாரத்தில் அட்டை எழுதுவது நின்றுபோகும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆபத்து: ஃபீடரைக் கழற்ற அனுமதி கொடுத்துவிட்டு, திருப்பிப் போடும்போது பார்கோட் ஸ்கேனைக் கட்டாயமாக்காமல் விட்டால் தப்பான மதிப்புள்ள கெப்பாசிட்டர் ஆயிரக்கணக்கில் ஏறும். ஏஓஐக்கு அது தெரியாது, நிறமும் அளவும் ஒன்றுதான். ஸ்கேன் ஆகாமல் மவுண்டர் ஓடக் கூடாது என்று இன்டர்லாக்கைப் பூட்டிவிட்டு இதைத் தொடங்குங்கள்.

இன்னொன்று, எரர் திரையின் மொழி. "ஹெட் 2 நாசில் 5 வேக்கம் லெவல் லோ" என்று ஆங்கிலத்தில் வந்தால் லைனில் அதற்கு ஒரே மொழிபெயர்ப்புதான்: "வேக்கம் அவுட்". அடிக்கடி வரும் 12 எரருக்குப் படம் போட்ட அட்டை, மூன்று படி, எப்போது டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டும் என்ற ஒரு வரி. மலாய், தமிழ், நேப்பாளி, வங்காளம், யார் வேலை செய்கிறார்களோ அவர்கள் மொழியில்.

1924இல் சாக்கிச்சி தொயோடாவின் தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நிற்கும்படி செய்யப்பட்டது. ஒரு ஆள் பல தறியைப் பார்க்க முடிந்தது அதனால்தான். ஜப்பானியர்கள் இதற்கு எழுதும் 'ஜிடோக்கா'வில் 'மனிதன்' என்ற குறி சேர்ந்த எழுத்து வரும். நிற்பது மெஷினின் வேலை, ஏன் நின்றது என்பது ஆளின் வேலை. உங்கள் லைனில் ஏன் என்ற பாதியைப் பிடுங்கிவிட்டு ரீசெட் பட்டனை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

---

மைக்ரோஸ்கோப்_காலம்

பழைய முறையை ரொம்பப் புகழ வேண்டாம். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து 12 மணி நேரம் சோல்டர் பார்த்த வேலையை எந்த அக்காவும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. கழுத்துவலியும் கண்ணெரிச்சலும்தான் மிச்சம். வேவ் சோல்டர் புகை, 20 கிலோ பெட்டி தூக்குவது, இதையெல்லாம் மெஷின் எடுத்துக்கொண்டபோது முணுமுணுப்பே இல்லை. ஏஜிவி வந்ததற்கும் யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

கோபம் எம்இஎஸ் திரையில். ஆள் வாரியாக "சும்மா இருந்த நேரம் 4 நிமிடம்" என்று டிவியில் காட்டினால், கழிப்பறைக்குப் போனதும் அதில்தான் விழும். அதன் பிறகு நடப்பது தெரிந்ததுதான்: நண்பரின் ஐடியில் லாகின், மணி முடியும் முன் எரரை மொத்தமாகக் கிளியர் பண்ணுவது. யார் எந்தப் போர்டைத் தொட்டார் என்ற பதிவே பொய்யாகிவிடும், அதை வாடிக்கையாளர் ஆடிட்டில் யார் விளக்குவது? திரையில் மெஷின் பெயரை வையுங்கள், ஆள் பெயரை எடுங்கள். "ஆள் இல்லை", "மெட்டீரியல் இல்லை", "டெக்னீஷியனுக்குக் காத்திருப்பு" மூன்றும் தனித்தனிக் காரணமாக இருக்கட்டும். மூன்றாவதில் எவ்வளவு சேருகிறது என்று பார்த்தால் மேலிடத்துக்கும் கொஞ்சம் தெளிவு வரும்.

---

இலாகா_வாசல்

எல்லாம் சரி. ஆனால் 9 பேர் 4 ஆன லைனில் கைசன் பெட்டி ஏன் காலி என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே. ஒரு நல்ல யோசனை எழுதிப் போட்டால் 4 பேர் 3 ஆகிவிடும் என்று அந்த நால்வருக்கும் தெரியும். அப்புறம் யார் எழுதுவார்?

இந்தப் பயம் பினாங்குக்குப் புதிதில்லை. 1972இல் இண்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பாயான் லெப்பாஸில் திறந்த காலத்தில் முடியை விட மெல்லிய கம்பியைக் கையால் சிப்பில் பாண்ட் பண்ணினார்கள் (இணைத்தார்கள்). பிறகு தானியங்கி பாண்டர் வந்து ஒருவர் பல மெஷினைப் பார்க்கும் நிலை ஆனது. ஒவ்வொரு சுற்றிலும் ஆட்கள் கேட்டது ஒன்றுதான்: நான் இருப்பேனா?

அதற்கு எழுத்தில் பதில் கொடுங்கள். "யோசனையால் மிச்சமாகும் ஆள் ஆட்குறைப்பில் போக மாட்டார், வேறு லைனுக்கோ வேறு வேலைக்கோ மாற்றப்படுவார்." கம்பெனியால் அப்படிச் சொல்ல முடியாவிட்டால் பெட்டியை எடுத்துவிடுங்கள், அதுவாவது நேர்மை.

ஆட்குறைப்பு வந்தே தீரும் என்றால் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், வதந்தி பாதி அடங்கும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60என் பிரிவுப்படி, அதே வகை வேலையிலுள்ள வெளிநாட்டுத் தொழிலாளர்களை நிறுத்திய பிறகுதான் உள்நாட்டவரை நிறுத்தலாம். தொழிலாளர் இலாகாவுக்கு 30 நாளுக்கு முன்பே பிகே பாரம் (ஆட்குறைப்பு அறிவிப்பு) போக வேண்டும். குறைந்தது 12 மாதம் வேலை செய்து, மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் போகாத சம்பளக்காரருக்கு இழப்பீடு: 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 ஆண்டுக்கு 15 நாள், அதற்கு மேல் 20 நாள். நோட்டீஸ் காலம் அதே வரிசையில் 4, 6, 8 வாரம், ஒப்பந்தத்தில் என்ன இருந்தாலும் இதற்குக் குறையக் கூடாது. சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை காப்புறுதி தனி. வேலை போனதும் மறக்காமல் விண்ணப்பிக்க வேண்டும்.

50 வெள்ளி ஊக்கத்தொகையை எதோடு கட்டியிருக்கிறீர்கள்? லைன் தரத்தோடு என்றால் அது மெஷின் வாங்கித் தந்த பணம், ஆளுக்கு அதில் பங்கு தெரியாது. திறனோடு கட்டுங்கள். நாசில் சுத்தம், ஃபீடர் ஜிக் (ஃபீடரைத் தனியாகச் சரிபார்க்கும் கருவி) சோதனை, மாற்றிப் பார்க்கும் சோதனை, ஏஓஐ மாற்றுப் படம் சேர்ப்பது. லைனில் செய்து காட்டித் தேறினால் ஒவ்வொன்றுக்கும் மாதம் 30 வெள்ளி, எந்த ஷிப்ட் மாறினாலும் போகாது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால் எச்ஆர்டி கோர்ப்புக்கு (பயிற்சி நிதியை நடத்தும் அமைப்பு) சம்பளத்தில் 1 சதவீதம் லெவி கட்டிக்கொண்டுதான் இருப்பீர்கள். தன்முனைப்புப் பேச்சாளருக்குப் போவதை விட அந்தப் பணம் இதற்குப் போகலாம். பழைய ஆட்களுக்கு எஸ்கேஎம் (மலேசியத் திறன்) சான்றிதழை பிபிடி (முன் அனுபவ அங்கீகாரம்) வழியில் எடுத்துக் கொடுங்கள்: வகுப்பில் உட்கார வேண்டாம், செய்த வேலைக்கு ஆதாரம் தொகுத்துக் காட்டினால் போதும். 45 வயது ஆபரேட்டருக்கு அந்தத் தாள் கையில் இருப்பது வேறு விஷயம். "சான்றிதழ் கிடைத்ததும் சிங்கப்பூருக்கு ஓடிவிடுவார்கள்" என்று மேலிடம் சொல்லும். ஓடுகிறவர்கள் தாள் இல்லாமலும் ஓடுகிறார்கள்.

அடுத்த மெஷின் வாங்கும்போது சைட் அக்செப்டன்ஸ் சோதனையில் (நம் ஆலையில் ஓட்டிப் பார்த்து ஏற்பது) இரண்டு ஆபரேட்டரை நிறுத்துங்கள். கதவுக் கைப்பிடி எட்டுமா, ரிஜெக்ட் தட்டு நிரம்பினால் எப்படித் தெரியும் என்று இன்ஜினியருக்குத் தோன்றாத கேள்வியை அவர்கள்தான் கேட்பார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிய மெஷினை யாரும் "அவங்க மெஷின்" என்று சொல்வதில்லை.

---

பிறை_லைன்4

எல்லோருக்கும் நன்றி. இன்று லாக் எடுத்துப் பார்த்தேன்: போர்டுக்கு 5.2 ஃபால்ஸ் கால், 4 என்று நினைத்ததை விட மோசம். மேலே இருக்கும் பார்ட் ஒரு 0603 (அளவுக் குறியீடு) ரெசிஸ்டர், மாற்று வெண்டர், சொன்ன மாதிரியே. சோல்டர்_வாசம் அவர்களுக்கு ஒரு கேள்வி: சோதனைப் படம் கலந்தால் வாடிக்கையாளர் டிரேஸபிலிட்டி (ஒவ்வொரு போர்டுக்கும் என்ன நடந்தது என்ற பதிவு) கெடாதா? அதில் தவறினால் எழுத்தில் எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று க்யூஏ (தரப் பிரிவு) இப்போதே கேட்கிறது.

---

சோல்டர்_வாசம்

5.2 என்றால் மணிக்கு 468 படம். அந்த ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் க்யூஏவையே உட்காரச் சொல்லுங்கள், பிறகு எச்சரிக்கையைப் பற்றிப் பேசலாம்.

சோதனைப் படத்துக்கு நிஜ போர்டின் சீரியல் நம்பர் கொடுக்கக் கூடாது. தனி முன்னெழுத்து, தனி லாக், எம்இஎஸ்ஸுக்குப் போகாது. ஏஓஐ மென்பொருளில் அந்த வசதி இல்லாவிட்டால் படமாகக் கலக்க முயலாதீர்கள். பிழை வைத்த அந்த மாஸ்டர் போர்டையே ஷிப்டுக்கு இரண்டு தடவை, நேரம் சொல்லாமல் ஓட்டுங்கள். போர்டின் ஓரத்தில் சிவப்பு பெயின்ட், ரிஜெக்ட் கன்வேயரில் மட்டும் வெளியே வர வேண்டும், எண்ணி எடுத்து அலமாரியில் பூட்ட வேண்டும். இது நல்ல போர்டுகளோடு கலந்து பேக்கிங்குக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அடிக்கடி அடுப்பில் போனால் சோல்டர் மாறிவிடும். ஏஓஐக்கு முன்னால் கையால் ஏற்றுங்கள், அடுப்பு வழியாக அனுப்பாதீர்கள்.

தவறினவர் பெயர் லைன் லீடரைத் தாண்டிப் போகக் கூடாது என்று க்யூஏவிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கடிதம் வரும் என்று தெரிந்தால் அடுத்த வாரமே எல்லாப் படத்துக்கும் ரிஜெக்ட் தட்டுவார்கள், ரிப்பேர் மேசையில் நல்ல போர்டு மலையாகக் குவியும், சூடு காட்டிச் சூடு காட்டி பேட் (பார்ட்டைச் சோல்டர் பண்ணும் செம்புத் தளம்) உரியும். ஓகே மழையை விட அது விலை அதிகம்.

முதல் வாரம் அந்த 0603க்கு மாற்றுப் படம், இரவு ஷிப்டில் ஒருவருக்கு லைப்ரரி அனுமதி. இவ்வளவு போதும். எண்ணிக்கை எவ்வளவு இறங்கியது என்று இங்கேயே போடுங்கள், அடுத்த 9 பார்ட்டைப் பிறகு பார்ப்போம்.